கண்மாய்த் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன், சிவகங்கைப் பக்கம். கண்மாயில் இடுப்பளவு தண்ணீர் கிடக்கிறது, மடையைத் திறக்கவில்லை. ஏன் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "தொறந்து விட்டா போர்ல தண்ணி எறங்கிரும்ல" என்றார். கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், ஊறும் என்ற கணக்கு.

எங்களுக்குக் கடைமடையில் ஒன்றரை ஏக்கர். போர் கிடையாது. கண்மாயில் தண்ணீர் கிடந்தும் வயல் கட்டாந்தரையாய்க் கிடப்பதைப் பார்க்க வயிறு எரிந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊருக்கு ஒரு நீர்பாய்ச்சி இருந்தார். தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைத்துப் பாய்ச்சுவார். வயலுக்குள் இறங்கி நிற்பார். கணுக்கால் நனைந்தால் போதும். ஒரே வெட்டில் மண்கட்டியைப் பெயர்த்து, வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாமடையில் வைத்து, குதிகாலால் மிதித்து அடைத்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுவார். யாருடைய வயலாக இருந்தாலும் சரி, சொந்தக்காரர் வாமடையில் கை வைக்கக் கூடாது. அறுப்பன்று களத்திலேயே ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. அதனால்தான் ஊரே நம்பியது என்பார் அப்பா. ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டவருக்கு நிலமே இல்லை என்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அப்புறம் போர் வந்தது. மின்சாரம் இலவசம் என்பதால், குழாய் இறக்கும் செலவுதான் செலவு. போர் போட்டவர்கள் முதலில் நெல் அளப்பதை நிறுத்தினார்கள், அடுத்து, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்டும் வேலைக்கு வரவில்லை. மிச்சம் இருந்தவர்கள் கொடுத்த நெல் அவருக்குக் கட்டவில்லை. அவர் மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். ஆனால் போரில் ஊறுவதும் கண்மாய்த் தண்ணீர்தானே! பராமரிப்பில் பங்கு கிடையாது, தண்ணீரில் மட்டும் பங்கு உண்டு என்றால் எப்படி?

பொதுச் சொத்தை ஆளாளுக்கு மேய்ந்து அழித்துவிடுவார்கள் என்று 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதினார். அப்படி ஆகத்தான் வேண்டும் என்றில்லை என்று ஊர் ஊராகச் சான்று சேர்த்துக் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளாதார நோபல் பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் ஸ்பெயினின் வாலென்சியாவும் ஒன்று. அங்கே வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் தண்ணீர் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள், சொல்பவர்களும் விவசாயிகள்தான். வாய்க்காலைக் காவல் காக்கிற ஆளுக்கும் விவசாயிகளே சம்பளம் கொடுக்கிறார்கள். அதைப் படித்தபோது எங்கள் நீர்பாய்ச்சியின் முகம்தான் கண்முன் வந்தது.

தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. தூர் வாருவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மடைக்கு ஓர் ஆள் வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும் என்பதை யாரும் பேசுவதில்லை.

கண்மாய் மீன் ஏலப் பணம் வருஷா வருஷம் ஊர்ப் பொதுவுக்கு வருகிறது. அதில் ஒரு பங்கை நீர்பாய்ச்சி கூலிக்கு ஒதுக்க வேண்டும், போர் வைத்திருப்பவர்களும் ஏக்கருக்கு இரண்டு மரக்கால் அளக்க வேண்டும். அடுத்த ஊர்க்கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன். சித்தப்பாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். "ரெண்டு ஜாஸ்தி, ஒண்ணுன்னு கேளு" என்றார்.