நரம்பு வலிக்கான கூட்டு மருந்துக்குக் காப்புரிமை: நாங்கள் கடந்து வந்த வழி

கூட்டு மருந்து ஒன்றுக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டுப் போகிறவர்களை முதலில் மறிப்பது காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஈ). இரண்டு பொருட்களை வெறுமனே கலந்து, அவற்றின் குணங்கள் ஒன்றாகச் சேர்ந்ததைத் தவிர வேறெதுவும் கிடைக்காவிட்டால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அது. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்றால் போதாது, இரண்டுக்கு மேல் வர வேண்டும். அப்படி வந்ததற்கான எண்கள், விண்ணப்பம் போட்ட நாளிலேயே விவரக்குறிப்புக்குள், அதாவது கண்டுபிடிப்பை விளக்கி அலுவலகத்துக்குத் தரும் ஆவணத்துக்குள், இருக்க வேண்டும். நாங்கள் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நான் கொங்குப் பகுதியில் ஒரு பார்மசி கல்லூரியில் மருந்தியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் பிஎச்.டி மாணவி எடுத்துக்கொண்ட தலைப்பு, சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலி. இந்த வலியோடு வருகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாதம் தீயாய் எரிகிறது, போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை, ராத்திரி தூக்கம் இல்லை என்பார்கள். காபாபென்டின் என்ற மருந்தைக் கொடுத்தால் ஓரளவு குறையும். முழுதாகக் குறைக்க அளவைக் கூட்டினால் தலைசுற்றல், பகலெல்லாம் தூக்கம். வயதானவர்கள் கீழே விழுந்துவிடுகிறார்கள். இரண்டு மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தால் வலியும் குறையுமா, மயக்கமும் வராமல் இருக்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. காபாபென்டினோடு, வேறொரு நோய்க்குப் பல காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் பழைய மருந்து ஒன்றைச் சேர்த்தோம். நிறுவனம் ஒன்றோடு பேச்சு நடப்பதால் அதன் பெயரை இங்கே சொல்லவில்லை.

இந்த எண்ணம் புதிதல்ல. கனடாவில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் இயன் கில்ரன் குழு 2005-இல் மார்ஃபினையும் காபாபென்டினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. 2009-இல் மனச்சோர்வு மருந்தான நார்ட்ரிப்டிலினையும் காபாபென்டினையும் சேர்த்துச் செய்த ஆய்வை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. அந்த 2009 ஆய்வின் எண்களைப் பாருங்கள். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டதில், தொடக்கத்தில் சராசரி 5.4. காபாபென்டின் மட்டும் கொடுத்தபோது 3.2, நார்ட்ரிப்டிலின் மட்டும் கொடுத்தபோது 2.9, இரண்டும் சேர்த்தபோது 2.3. நோயாளிக்கு இது நல்ல செய்தி. ஆனால் கழித்துப் பார்த்தால், தனித்தனியாகக் குறைத்தது 2.2, 2.5, சேர்ந்து குறைத்தது 3.1. மருத்துவருக்கு இது போதும். காப்புரிமை அலுவலகத்துக்கு இதை மட்டும் காட்டி, இரண்டுக்கு மேல் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சிகிச்சையில் நல்லதாக இருப்பதும் சட்டப்படி கண்டுபிடிப்பாக இருப்பதும் வேறு வேறு என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியது இந்த ஒரு கட்டுரைதான்.

சோதனையைத் தொடங்கும் முன்பே ஒரு காப்புரிமை முகவரைப் பார்த்தோம். மருந்து வேதியியல் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவர் எங்கள் திட்டத்தைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "சார், ஒரே ஒரு டோஸ் சேர்க்கையைத்தான் சோதிக்கப் போறீங்களா? அப்படின்னா இது கட்டுரைக்கு ஆகும், காப்புரிமைக்கு ஆகாது."

அதனால் திட்டத்தையே மாற்றி எழுதினோம். ஒவ்வொரு மருந்தையும் தனியாகப் பல அளவுகளில் கொடுத்து, பாதி விளைவு தரும் அளவு எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இரண்டையும் வெவ்வேறு விகிதங்களில் கலந்து, ஒவ்வொரு விகிதத்துக்கும் அதே கணக்கைப் போட வேண்டும். ஐசோபோலோகிராம் என்ற வரைபடம் இதற்குத்தான். ஒரு பேச்சுக்கு, முதல் மருந்து தனியாக 100 மில்லிகிராம், இரண்டாவது தனியாக 20 மில்லிகிராம் கொடுத்தால் பாதி விளைவு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50-உம் 10-உம் சேர்த்தால் அதே விளைவு வந்தால் அது வெறும் கூட்டல். 20-உம் 4-உமே போதும் என்றால் சேர்க்கைக் குறியீடு 0.2 + 0.2 = 0.4. குறியீடு 1-க்குக் கீழே எவ்வளவு தள்ளிப் போகிறதோ அந்த அளவுக்கு மருந்துகள் ஒன்றுக்கொன்று வலு சேர்க்கின்றன என்று பொருள். விளைவுகளை அப்படியே கூட்டிப் பார்ப்பதைவிட இதுவே சரியான முறை. ஒரே மருந்தை இரண்டு மடங்கு கொடுத்தால் விளைவும் இரண்டு மடங்கு ஆவதில்லையே.

சோதனை எலிகளில். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கிய பிறகுதான் எதையும் தொட முடியும். அதற்கே நல்ல காத்திருப்பு. இரண்டு மாதிரிகளை எடுத்துக்கொண்டோம். ஒன்று, பென்னெட், ஷீ இருவரும் 1988-இல் விவரித்த முறை: தொடைப் பகுதியில் சியாட்டிக் நரம்பைச் சுற்றி நான்கு தளர்வான முடிச்சுகள் போட்டு நரம்பை மெதுவாக நசுங்க விடுவது. மற்றொன்று ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டுச் சர்க்கரை நோயை வரவழைப்பது. வலியை அளக்க வான் ஃப்ரை இழைகள்: வெவ்வேறு விறைப்புள்ள இழைகளால் பாதத்தை அழுத்தி, எந்த அழுத்தத்தில் எலி காலை இழுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது. அளப்பவருக்கு எந்த எலிக்கு எந்த மருந்து என்று தெரியாது.

இங்கே முகவர் இன்னொரு கேள்வி கேட்டார். "மருந்து மயக்கத்துல எலி காலை இழுக்கலேன்னா?" நியாயமான கேள்வி. அதனால் சுழலும் தண்டின் மேல் எலி எவ்வளவு நேரம் விழாமல் நிற்கிறது என்று பார்க்கும் ரோட்டாராடு சோதனையையும் சேர்த்தோம். இரத்தத்தில் காபாபென்டின் அளவையும் அளந்தோம். காபாபென்டின் உடலில் சிதைவதில்லை, சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறுகிறது. இரண்டாவது மருந்து அந்த வெளியேற்றத்தைத் தடுத்தால் இரத்தத்தில் காபாபென்டின் கூடிவிடும். வலு சேர்ப்பது போலத் தெரிந்தாலும் உண்மையில் அது கூடுதல் டோஸ்தான். எங்கள் எலிகளில் அளவு கூடவில்லை. அந்த அட்டவணையின் மதிப்பு காப்புரிமை அலுவலக விசாரணை நாளில்தான் முழுதாகத் தெரிந்தது.

முடிவுகளில் ஒரு விஷயம் மாணவிக்கு வருத்தம் தந்தது. சோதித்த விகிதங்களில் சிலவற்றில் குறியீடு 1-ஐ ஒட்டியே நின்றது, வெறும் கூட்டல். ஒரு குறுகிய வீச்சில் மட்டும்தான் நன்றாக இறங்கியது. "இதையெல்லாம் விட்டுடலாமா சார்?" என்றாள். முகவரோ அதைத்தான் முதலில் சேர்க்கச் சொன்னார். எல்லா விகிதத்திலும் வேலை செய்தால், யார் கலந்தாலும் வரும் என்று சொல்லிவிடலாம். சிலவற்றில் வருகிறது, சிலவற்றில் வரவில்லை என்றால், யாரும் முன்கூட்டி ஊகித்திருக்க முடியாது என்பதற்கு அதுவே சாட்சி. பொய்த்த விகிதங்களின் எண்கள் எங்கள் விவரக்குறிப்பின் மிக வலுவான பக்கங்கள் ஆயின.

பிறகு எழுதும் வேலை. இன்பாஸ், எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப் என்ற மூன்று காப்புரிமைத் தேடல் தளங்களிலும் தேடினோம். ஏற்கெனவே மருந்துக் கடையில் விற்கும் கூட்டு மாத்திரைகளும் முந்தைய அறிவுதான், அதாவது நமக்கு முன்பே உலகுக்குத் தெரிந்தவை. ப்ரீகாபாலினோடு மெத்தில்கோபாலமின், ப்ரீகாபாலினோடு நார்ட்ரிப்டிலின் என்று நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. எது எங்களிடமிருந்து எப்படி வேறுபடுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்தோம்.

"நரம்பு வலிக்குச் சிகிச்சை அளிக்கும் முறை" என்று உரிமை கோர வேண்டும் என்பது மாணவியின் ஆசை. அமெரிக்காவில் அப்படிக் கோரலாம். இங்கே பிரிவு 3(ஐ) மனிதருக்கான சிகிச்சை முறைகளுக்குக் காப்புரிமை தருவதில்லை. இன்ன விகிதத்தில் இன்ன இரண்டு மருந்துகள் அடங்கிய கலவை என்றுதான் கோர முடியும். எந்த வலிக்கு என்பதிலும் கவனமாக இருந்தோம். ப்ரீகாபாலின் வழக்கு அப்போது எங்கள் மேசையிலேயே கிடந்தது. 2018 நவம்பர் 14-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ப்ரீகாபாலினுக்கு, வலிக்கும் நரம்பு வலிக்கும் என்று வார்னர்-லாம்பர்ட் நிறுவனம் கோரியிருந்த உரிமைகள் செல்லாது என்றது. விவரக்குறிப்பில் இருந்தது ஃபார்மலின், கராஜீனன் போன்ற எலிச் சோதனைகளின் முடிவுகள். அவை அழற்சி வலிக்கு நம்பத்தகுந்த அடிப்படை தந்தன, நரம்பு வலிக்குத் தரவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கண்டார்கள். மருந்து நரம்பு வலிக்கு வேலை செய்தது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முதல் நாள் காகிதத்தில் அது இல்லை. நாங்கள் சோதித்தது நரம்பு நசுங்கியதால் வரும் வலியும் சர்க்கரை நோயால் வரும் வலியும்தான். விளக்கத்தில் அந்த எல்லையைத் தாண்டவில்லை. புற்றுநோய் மருந்துகளால் வரும் நரம்பு வலியைச் சேர்க்க எனக்கு மிகுந்த ஆசை இருந்தது. எண்கள் இல்லாததால் விட்டுவிட்டோம்.

முதலில் தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது முழு விவரக்குறிப்புக்கு முன் தேதியைப் பிடித்து வைக்கப் போடுவது. அதற்கான எண் கையில் வந்த பிறகுதான் மாணவி மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினாள். கல்லூரிகளில் இது தலைகீழாக நடக்கிறது: முதலில் போஸ்டர், பிறகு கட்டுரை, கடைசியில் காப்புரிமை. நாமே வெளியிட்டது நமக்கே எதிராக நிற்கும். சட்டம் தரும் விலக்கு மிகக் குறுகியது, அதை நம்பி இறங்கக் கூடாது. தற்காலிகம் போட்ட 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போய்ச் சேர வேண்டும். எல்லா விகிதங்களின் எண்களும் அதில் போயின.

செலவைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். 2021 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு கல்வி நிறுவனங்களுக்கு அரசுக் கட்டணம் 80 சதவீதம் குறைவு. இணையவழி விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய், ஆய்வு கோரும் ஃபார்ம் 18-க்கு 4,000. பக்கங்கள் 30-ஐயும் உரிமைக்கோரல்கள் 10-ஐயும் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் கட்டணம் உண்டு. முகவருக்கும் சோதனைகளுக்கும் ஆவதுதான் உண்மையான செலவு. 2024 மார்ச் விதிகளின்படி ஃபார்ம் 18 போடும் கெடு 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைந்துவிட்டது. பழைய கணக்கில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்திலிருந்து முதல் ஆய்வறிக்கை வந்தபோது கொஞ்சம் கலங்கித்தான் போனோம். புதுமை இல்லை, கண்டுபிடிப்புத் திறன் இல்லை, 3(டி), 3(ஈ), 3(ஐ) என்று எல்லா எதிர்ப்புகளும் வரிசையாக. முகவர் பதறவில்லை, மருந்து விண்ணப்பங்களுக்கு இது வழக்கமாம். எதிராகக் காட்டப்பட்டவற்றில் 2009 லான்செட் கட்டுரை இருந்தது. காபாபென்டினோடு சேர்க்கத்தக்க மருந்து வகைகளை நீளமாக அடுக்கிய வெளிநாட்டு விண்ணப்பம் ஒன்று இருந்தது. எங்கள் இரண்டாவது மருந்து தனியாகவே எலிகளின் வலியைக் குறைத்ததாகச் சொல்லும் கட்டுரையும் இருந்தது.

3(டி)-யைப் பலர் நோவார்டிஸ் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தான க்ளிவெக் பற்றிய வழக்கோடு மட்டும் சேர்த்து நினைக்கிறார்கள். அதன் விளக்கத்தில் "சேர்க்கைகள்" என்ற சொல்லும் இருக்கிறது. அறியப்பட்ட பொருளின் சேர்க்கைகள், செயல்திறனில் கணிசமாக வேறுபட்டால் ஒழிய, அதே பொருளாகத்தான் கருதப்படும். 2013 ஏப்ரல் 1 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், மருந்து என்றால் செயல்திறன் என்பது சிகிச்சைத் திறன்தான் என்றது. ஆக நாங்கள் காட்ட வேண்டியது, கலவையின் கரைதிறனையோ நிலைப்புத்தன்மையையோ அல்ல, வலி குறைவதை. பதில் தர ஆறு மாதம் உண்டு. அந்த நேரத்தில் புதிய சோதனை செய்து எண்களை விவரக்குறிப்பில் நுழைக்க முடியாது, திருத்தம் என்ற பெயரில் புதிய விஷயம் எதையும் சேர்க்கச் சட்டம் விடாது. இருப்பதை வைத்துத்தான் வாதாட வேண்டும். உரிமைக்கோரலை அந்தக் குறுகிய விகித வீச்சுக்குச் சுருக்கி, கூட்டலாக மட்டுமே நின்ற விகிதங்களின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பதில் எழுதினோம்.

விசாரணை காணொளி வழியாக நடந்தது. அதிகாரி எங்கள் விவரக்குறிப்பை வரிக்கு வரி படித்திருந்தார். "இரண்டாவது மருந்தும் வலியைக் குறைக்கும் என்று தெரிந்த பிறகு, சேர்த்துப் பார்ப்பது இயல்புதானே?" என்று கேட்டார். சேர்த்துப் பார்ப்பது இயல்பு, இந்த விகிதத்தில் மட்டும் குறியீடு இப்படி இறங்கும் என்பது அந்த மூன்று ஆவணங்களில் எதிலும் இல்லை என்று முகவர் பதில் சொன்னார். அடுத்து அதிகாரி கேட்டது இரத்தத்தில் காபாபென்டின் அளவைப் பற்றி. பக்க எண்ணைச் சொன்னோம், புரட்டிப் பார்த்தார். 15 நாளுக்குள் எழுத்து வடிவில் வாதங்களை அனுப்பினோம். கொஞ்ச காலம் கழித்து, சுருக்கப்பட்ட உரிமைக்கோரல்களோடு காப்புரிமை வந்தது.

3(ஈ) கடுமையான பிரிவு என்று புலம்புகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. வழக்குகளுக்கும் மறு ஆய்வுக்கும் பிறகு 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் மீது தடை வந்தது. காரணமே இல்லாமல் கலந்த மாத்திரைகள் நம் நோயாளிகளின் பையில் அவ்வளவு இருந்தன. கலப்பதற்குக் காரணம் கேட்கும் சட்டம் இந்த நாட்டுக்குத் தேவை. காபாபென்டின் இன்று யாரும் தயாரிக்கக்கூடிய மருந்து. அதோடு எதையோ கலந்து 20 ஆண்டு தனியுரிமை வாங்குவது சுலபமாக இருந்தால் பணம் கொடுக்கப்போவது பாதம் எரியும் அந்த நோயாளிதான். இந்தப் பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால்தான் எங்கள் ஆய்வும் உருப்படியாக அமைந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

காப்புரிமை கிடைத்ததும் மருந்து எப்போது கடைக்கு வரும் என்று கேட்கிறார்கள். அது வேறு பாதை. 2019 புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி இப்படி நிலையான அளவில் கலந்த கூட்டு மருந்து புதிய மருந்தாகவே கருதப்படும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியோடு மனிதரில் சோதிக்க வேண்டும். எலிக்கு வந்த விகிதம் மனிதருக்கும் பொருந்துமா என்பது அங்கேதான் தெரியும். அதற்குள் காப்புரிமைக்கு எதிராக யாராவது மனுப் போடவும் வாய்ப்பு உண்டு. காப்புரிமை வழங்கியது இதழில் வெளியான நாளிலிருந்து ஓராண்டு அவர்களுக்கு அவகாசம். இப்போது நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருப்பது நச்சுத்தன்மை ஆய்வுக்கு யார் பணம் போடுவது, மாத்திரையின் விலைக்கு உச்ச வரம்பு ஒன்றை ஒப்பந்தத்திலேயே எழுத முடியுமா என்பதைப் பற்றி. இரண்டாவதை மாணவிதான் வற்புறுத்துகிறாள், நானும் அவள் பக்கம்தான்.