வாள் தின்னும் 3 மில்லிமீற்றர்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் முற்றத்தில் நின்றால் சீனக்குடாவில் இருந்து எழும்புகிற பயிற்சி விமானங்கள் துறைமுகத்தைச் சுற்றி வருவது தெரியும். அந்தச் செஸ்னாச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். கணினியில் எக்ஸ்-பிளேன் என்ற விமானம் ஓட்டும் மென்பொருளை ஓட்டத் தொடங்கிய பிறகு, மேசைக்கு முன்னால் இருந்து ஓட்டுவது மனதுக்குப் போதவில்லை. செஸ்னா 172இன் விமானி அறையைப் பிளைவுட்டில் செய்வதென்று இறங்கினேன். பலகை வாங்க முதலே ஒரு மாதம் தாளில் போனது. அந்த ஒரு மாதம் வீண்போகவில்லை.

முதல் வேலை பிரிட்ஜ் வந்த காட்போட் பெட்டியில். உண்மை விமானத்தின் உள் அகலம் ஏறத்தாழ 1 மீற்றர். அந்த அளவில் மட்டைகளை ஒட்டி நிறுத்தி, உள்ளே கதிரை போட்டு இருந்து பார்த்தேன். பெடலை மிதிக்க முழங்கால், மானிகள் இருக்கும் முன்பலகையான பனலின் அடியில் இடித்தது. பனலை 45 மில்லிமீற்றர் உயர்த்தினேன். அப்போதுதான் அறைக் கதவு ஞாபகம் வந்தது. அதன் அகலம் இரண்டரை அடி, 762 மில்லிமீற்றர்தான். ஆகவே முழுவதையும் மூன்று பகுதியாகப் பிரித்து, போல்ட் நட்டால் பூட்டுகிற மாதிரி வரைபடத்தை மாற்றினேன்.

பனலுக்குப் பின்னால் 24 அங்குல மொனிட்டர். ஆறு முக்கிய மானிகளும் துளைகளுக்கூடாகத் தெரியவேண்டும். அவற்றுக்கான துளை வழமையாக 3⅛ அங்குலம், அதாவது 79.4 மில்லிமீற்றர். பனலின் வரைபடத்தை அச்சடித்த தாளில் துளையை அளந்தால் 77 இருந்தது. பிரின்டர் பக்கத்துக்குள் அடக்குவதற்காகப் படத்தைத் தானே சுருக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளின் மூலையிலும் 100 மில்லிமீற்றர் கோடு ஒன்று கீறி, அடிமட்டத்தால் அளந்து சரிபார்த்தே ஒட்டினேன்.

வெட்டு வரைபடத்தை முழு அழகாக முடித்துவிட்டதாக நினைத்துத்தான் தச்சுவேலை செய்யும் ஓடாவி ஐயாவிடம் கொண்டுபோனேன். ஒரு பிளைவுட் சீட் 2440 க்கு 1220 மில்லிமீற்றர். அகலத்தில் 305 வீதம் நாலு பட்டி, மிச்சமே இல்லை. அவர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"தம்பி, வாள் தின்னுறதுக்கு எங்க இடம் விட்டிருக்கிறீங்க?"

அவருடைய வட்டவாள் ஒரு வெட்டுக்கு 3 மில்லிமீற்றர் எடுக்கும். மூன்று வெட்டுக்கு 9. என் நாலாவது பட்டி 296 ஆகத்தான் வந்திருக்கும். பட்டிகளை 300 ஆக்கினேன். வெட்டுப்போக மிஞ்சிய 11 மில்லிமீற்றர், கடையில் அடிபட்ட ஓரத்தைச் சீவி எடுக்கப் பயன்பட்டது. இன்னொன்றும் அவர்தான் சொன்னார்: வட்டவாள் ஒரு பக்கத்தில் நுழைந்தால் மறுபக்கம் வரைக்கும் போகவேண்டும், நடுவில் திரும்பாது. இரவிரவாக இருந்து துண்டுகளைத் திரும்ப அடுக்கினேன். நீளச் சட்டங்களைப் பிளைவுட்டின் மேல் தாளில் மரரேகை ஓடும் பக்கமாக வைத்தேன். குறுக்கே வைத்தால் சட்டம் வளையும்.

ஒரு துண்டு மற்றத் துண்டில் செருகிப் பொருந்தும் பிளவுகளின் அளவை மட்டும் வெறுமையாக விட்டிருந்தேன். என்.சி. வீதியில் பலகை வாங்கி வந்து வேணியர் இடுக்கிமானியால் அளந்தால், 12 மில்லிமீற்றர் என்று விற்ற சீட் 11.6 தான். வாங்கி அளக்காமல் பிளவு அளவை எழுதவே கூடாது. 11.8 என்று எழுதினேன். இடது, வலது சுவர்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்பதால், நல்ல முகம் உள்ளே வரும்படி ஒவ்வொரு துண்டிலும் இலக்கமும் அம்புக்குறியும் போட்டேன்.

வெட்டு அரைநாளில் முடிந்தது. 23 துண்டும் இரண்டு சீட்டுக்குள் அடங்கின. வெட்டிய ஓரங்களுக்கு அன்றே வார்னிஷ் பூசினோம், இங்கே உப்புக்காற்றில் விட்டால் ஓரம் ஊதிவிடும். பூச முதல் ஐயா 7ஆம் துண்டை எடுத்து 8ஆம் துண்டின் பிளவில் வைத்தார். சுத்தியலைத் தேடினேன். அவர் உள்ளங்கையால் அழுத்தினார், இறங்கி நின்றது.