எந்தச் சர்க்கரையைச் சொல்கிறீர்கள்?

நீரிழிவு, மூளைச் செல், நினைவாற்றல் மூன்றையும் சேர்த்து முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்கிறவர்களின் முதல் வரைவில் 'அதிகச் சர்க்கரை' என்ற சொல் எல்லா அத்தியாயத்திலும் வரும். ஆனால் தர்மபுரி மாவட்டம் பென்னாகரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் விரல் குத்திப் பார்த்தால் தெரிவது அந்த நிமிடத்துச் சுகர். ஹெச்பிஏ1சி ரத்தச் சோதனை அறிக்கையில் இருப்பது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரிச் சுகர். ஆய்வகத்தில் செல் வளர்க்கும் கல்ச்சர் ஃபிளாஸ்கில் இருப்பது, 48 அல்லது 72 மணி நேரம் செல்கள் மூழ்கிக் கிடக்கும் ஊட்டக் கரைசலான மீடியத்தின் சர்க்கரை. அளவுகூட ஒன்றில்லை. ஆஸ்பத்திரியில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், செல் ஆய்வகத்தில் லிட்டருக்கு மில்லிமோல். முதலாவதை 18-ஆல் வகுத்தால் இரண்டாவது வரும். இந்த ஆய்வுகள் அத்தியாயத்துக்குள் உடைவது குறைவு, ஓர் அத்தியாயத்தை இன்னொன்றோடு சேர்க்கும் இடத்தில்தான் உடைகின்றன.

செல் பக்கத்திலிருந்து பார்க்கலாம். பரவலாக வாங்கப்படும் டிஎம்ஈஎம் மீடியத்தில் குளுக்கோஸ் 25 மில்லிமோல், அதாவது ஆஸ்பத்திரிக் கணக்கில் 450. எஸ்ஹெச்-எஸ்ஒய்5ஒய் நரம்புச் செல்களை வழக்கமாக வளர்க்கும் டிஎம்ஈஎம்-எஃப்12 கலவையில் 17.5, அதாவது 315. மாதக்கணக்கில் இதிலேயே வளர்ந்த செல்லை எடுத்து, ஒரு பாதியை 'நார்மல்' என்று சொல்லி 5.5 மில்லிமோலில் போட்டால், உண்மையில் அதிர்ச்சி வாங்குவது அந்த நார்மல் பாதிதான். சோதனைக்கு முன் குறைந்தது இரண்டு வாரமாவது, படிப்படியாகக் குறைத்து, 5.5-க்குப் பழக்க வேண்டும். இன்னொரு கோளாறும் இதில் உண்டு. செல் அடர்த்தி அதிகமாக இருந்தால் 5.5 மில்லிமோல் சர்க்கரையை ஒன்றிரண்டு நாளில் தின்று தீர்த்துவிடும். 72 மணி நேரம் மீடியம் மாற்றாமல் விட்டால் நீங்கள் ஒப்பிடுவது சர்க்கரை நோயாளியையும் ஆரோக்கியமானவரையும் அல்ல, சர்க்கரை நோயாளியையும் பட்டினி கிடப்பவரையும். தினமும் மீடியம் மாற்றுங்கள். பழைய மீடியத்தில் மிச்சமிருக்கும் குளுக்கோஸை ஜிஓடி-பிஓடி என்ற என்சைம் கிட்டில் அளந்து எழுதுங்கள். குளுக்கோமீட்டர் ரத்தத்துக்காகச் செய்தது, மீடியத்தில் அதன் எண்ணை நம்ப முடியாது.

5.5 குளுக்கோஸோடு 19.5 மில்லிமோல் மானிட்டால் (கரைசலின் அடர்த்தியை மட்டும் 25-க்கு உயர்த்தும் சர்க்கரை ஆல்கஹால்) சேர்த்த குழு ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் செல் செத்தது சர்க்கரையாலா, கரைசலின் அடர்த்தியாலா என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் இருக்காது. உயிருள்ள செல் சாயத்தை ஊதாவாக மாற்றுவதை அளக்கும் எம்டிடி சோதனை செல்லை எண்ணுவதில்லை, அதன் வளர்சிதை வேகத்தைக் காட்டுகிறது. சர்க்கரை அளவை மாற்றினாலே ஊதா நிறத்தின் அடர்த்தியும் மாறலாம். ஆகவே செத்த செல்லை நீலமாக்கும் டிரைபான் ப்ளூ போட்டுக் கையால் எண்ணிய கணக்கும் பக்கத்தில் இருக்கட்டும். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவின் தொற்று மீடியத்தைக் கலங்க வைக்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்கும் தெரியாது. புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வந்த செல்லானாலும், பக்கத்து லேபில் வாங்கியதானாலும், மைக்கோபிளாஸ்மாவின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆரில் பார்த்த பிறகே முதல் சோதனை.

இனி மனிதர்கள். ஹெச்பிஏ1சி 9 சதவீதம் உள்ளவரின் சராசரிச் சுகர் சுமார் 212, அதாவது 12 மில்லிமோலுக்குக் கொஞ்சம் கீழே. கிராமத்து முகாமில் சந்திக்கும் கட்டுப்பாடில்லாத சுகர்காரர்கள் பலர் இந்த வட்டாரத்தில் இருப்பார்கள். ஃபிளாஸ்கிலோ 25. இரண்டையும் ஒரே படத்தில் அம்புக்குறி போட்டு இணைப்பது நியாயமில்லை. 12 மில்லிமோலில் இன்னொரு குழு சேர்த்தால் செல் வளர்க்கும் தட்டு ஒரு பெட்டி கூடுதலாகச் செலவாகும். ஆய்வின் இரண்டு பாதிகளும் பேசிக்கொள்ளத் தொடங்குவது அங்கேதான்.

நினைவுச் சோதனைதான் எல்லாவற்றிலும் கடினம், எளிது என்று நினைத்து ஜூனியர்களிடம் கொடுக்கப்படுவதும் அதுதான். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, சந்தையில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். "எந்தப் பாஷையில காசு எண்ணுவீங்க?" என்று கேளுங்கள், அதுதான் சோதனைக்குரிய மொழி. சொற்பட்டியலை அப்படியே மொழிபெயர்த்தாலும் போதாது. தமிழில் 'கிளி' இரண்டெழுத்து, தெலுங்கில் 'சிலுக' மூன்று. நீளமும் புழக்கமும் சமமாக இருக்கும்படி மூன்று மொழிக்கும் தனித்தனிப் பட்டியல் தயாரிக்க வேண்டும். ராகி, களி, உரல் போலக் கோர்த்து நினைவில் நிற்கும் சொற்கள் ஒரே பட்டியலில் வரக்கூடாது.

சொல்லும் முறை எல்லாருக்கும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும்: "பாட்டிம்மா, பத்து வார்த்தை சொல்றேன். முடிச்சதும் ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க, வரிசையா வரணும்னு இல்லை." விநாடிக்கு ஒரு சொல், ஒரே குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல். முதலில் காது கேட்கிறதா என்று சோதியுங்கள். காது மந்தமானவரை மறதிக்காரர் என்று பதிவு செய்த தாள்கள் நிறைய உண்டு. மருமகளோ பேரனோ பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள், அன்பினால்தான். அவர்களிடம் குடும்ப அட்டை, பழைய மாத்திரைச் சீட்டு எல்லாம் தேடி எடுக்கச் சொல்லிவிட்டால் பத்து நிமிடம் கிடைக்கும். 20 நிமிட இடைவெளிக்குப் பின் மீண்டும் கேட்கும் பகுதியில் அந்த இடைவெளியை உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்த்து நிரப்புங்கள். பேச்சுக் கொடுத்தால் புதுச் சொற்கள் பட்டியலுக்குள் நுழைந்துவிடும். அந்த நேரத்தில் காபி வரும். வேண்டாம் என்றால் மனம் நோகும், ஆகவே "கடைசியில எல்லாரும் சேர்ந்து குடிக்கலாம்மா" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இரண்டாம் முறை போகும்போது அதே பட்டியலைக் கொண்டுபோனால் முன்னேற்றம் போலத் தெரிவது வெறும் பழக்கம்.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்த கையோடு நினைவுச் சோதனை வைக்காதீர்கள். அவர் சாப்பிட்ட பிறகு விரல் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, சோதனையை வேறொரு நாளுக்குத் தள்ளுங்கள். 270-க்கு மேல் இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம், யோசிக்கும் வேகமே மந்தப்பட்டிருக்கும்.

குழாயில் எடுத்த ரத்தம் சும்மா இருப்பதில்லை. சிவப்பணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்கின்றன. சாம்பல் மூடிக் குழாயிலுள்ள சோடியம் ஃபுளோரைடு இதைத் தடுக்கும், ஆனால் முழுதாகப் பிடிக்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அரூர் மலைப்பக்கத்திலிருந்து தர்மபுரி வந்து சேர்வதற்குள் எண் இறங்கிவிடும். ஐஸ் பெட்டியும், முகாமிலேயே ரத்தத்தைச் சுழற்றிச் செல்லைப் பிரிக்கும் சிறு சென்ட்ரிஃபியூஜும் தேவை. ஹெச்பிஏ1சி-க்கு ஊதா மூடிக் குழாய். இரும்புச்சத்துக் குறைவு அந்த எண்ணைப் பொய்யாக உயர்த்தும், எனவே ஹீமோகுளோபினும் பாருங்கள். அதோடு அந்த எண்ணில் பாதி கடைசி ஒரு மாதத்தின் கணக்கு. கிருஷ்ணகிரியில் ஒருவரை மார்ச்சிலும் இன்னொருவரை மாம்பழம் முடிந்த ஜூலையிலும் பார்த்து ஒப்பிட்டால் இடையில் சீசன் நிற்கிறது. மாதத்தை அட்டவணையில் தனிப் பத்தியாகப் பதியுங்கள். குடிநீர் எங்கிருந்து என்பதையும் பதியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பிரச்சினை பழையது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் குடிப்பவரும் போர்வெல் தண்ணீர் குடிப்பவரும் ஒரே குழுவில் கலந்து கிடக்கக்கூடாது.

கடைசியாக மாத்திரை. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீட்டு வாசலுக்கே சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் வருவது பெரிய நன்மை, அந்த மாத்திரை நல்ல மாத்திரை. ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும், பி12 குறைந்தால் நினைவும் தடுமாறும். சர்க்கரையால் வந்த மறதி என்று நீங்கள் எழுதப்போவது பி12 மறதியாக இருக்கலாம். எத்தனை வருடமாக எத்தனை மில்லிகிராம் என்று சீட்டைப் பார்த்து எழுதுங்கள், வாய்ச்சொல் போதாது. ஒரு மில்லி சீரம் கூடுதலாக எடுத்து, வெளிச்சம் படாமல் மைனஸ் 20-ல் வையுங்கள். நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே பி12 சோதனையையும், முடிவை ரத்தம் கொடுத்தவர்களிடம் திருப்பிச் சொல்லும் முறையையும் எழுதிவிடுங்கள். குறைவு என்று வந்தால் ஆய்வேடு முடியும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே அந்த வீட்டுக்குப் போய், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு ஒரு கடிதமும் கையில் கொடுங்கள். ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகக்கூடிய குறை அது.