எடி ராபின்சன்: கோடு போட்டார், கட்டுப் போட்டார், 408 மேட்ச் ஜெயித்தார்

மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட். 1941-ல் லூசியானா மாநிலத்தின் வடக்குப் பக்கம், கிராம்பிளிங் என்ற சின்ன ஊரிலிருந்த கறுப்பின மாணவர் கல்லூரியில் எடி ராபின்சன் கோச்சாகச் சேர்ந்தபோது பேசிய தொகை அது. வயது 22. அதுவரை பேட்டன் ரூஜில் ஒரு தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை. அப்பா விளைச்சலில் பங்குக்கு உழுதவர், அம்மா வீட்டு வேலை செய்தவர். வேலை கொடுத்தவர் கல்லூரித் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ். அவரே அங்கே பேஸ்பால் கோச்சும்கூட. ஆள் பற்றாக்குறை எந்த அளவு என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு இரண்டே வரி. பக்கத்துக்கு 11 பேர், நான்கு முயற்சிக்குள் பந்தை 10 கஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் சில நொடிகளில் முடிந்துவிடும், அப்புறம் திரும்ப வரிசை கட்ட வேண்டும். 30 நொடி ரைடு, மறுபடி செட் ஆவது என்று ஓடுகிற கபடிக்காரனுக்கு இந்த ஆட்டத்தின் தாளம் சட்டென்று பிடிபடும். சேலம் பக்கம் பள்ளிக்கூடக் கபடி டீமைத் தனியாளாக வைத்துக் காப்பாற்றும் பி.டி. சார்களுக்கு ராபின்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைப்பதற்கு இந்தத் தாளம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவர் முதல் பத்து வருஷம் செய்த வேலைகளின் பட்டியல்.

சம்பளத்துக்கு உதவி கோச் கிடையாது. இரவுக் காவலாளிதான் ஒத்தாசை. புல் வெட்டுவது, கோடு போடுவது, பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, மேட்ச் முடிந்ததும் செய்தி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவது எல்லாம் அவர் தலையில்தான். வெளியூர் மேட்ச் என்றால் சாண்ட்விச் கட்டிக்கொண்டு போவார். தெற்கு மாநிலங்களில் 'வெள்ளையர்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டிய ஓட்டல்களில் அவருடைய பையன்கள் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

அந்தக் கோடு போடும் வேலையைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். மைதானம் கோல் பகுதிகளோடு சேர்த்து 120 கஜ நீளம், 53 கஜம் 1 அடி அகலம். 5 கஜத்துக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடு 21. சுற்றுக் கோடுகளையும் கூட்டினால் சுமார் 1,340 மீட்டர் வெள்ளைக் கோடு. நடுவில் போடும் சின்னச் சின்ன அடையாளங்கள் தனி. ஆண்கள் கபடி ஆடுகளம் 13-க்கு 10 மீட்டர்தான், பக்கவாட்டு லாபி, ரைடர் தாண்ட வேண்டிய பாக் லைன், அதற்கும் உள்ளே போனஸ் லைன் எல்லாம் சேர்த்தாலும் 120 மீட்டருக்குள் முடிந்துவிடும். 5 செ.மீ. அகலத்தில் 1 மி.மீ. கனமாகத் தூவினால் ஏறக்குறைய 6 லிட்டர் பொடி, ஒரு சின்ன வாளி.

அளவு சின்னது என்பதாலேயே பலர் கண்ணளவில் போட்டுவிடுகிறார்கள். மூலை சதுரத்துக்கு வராமல் ஆடுகளம் சாய்சதுரமாகிவிடும். பாக் லைன் ஒரு பக்கம் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர், இன்னொரு பக்கம் 3.60. ரைடர் பாக் லைனைத் தாண்டினானா இல்லையா என்ற சண்டையில் பாதி அங்கேதான் பிறக்கிறது. நாலு மூலையிலும் ஆணி அடித்துவிட்டு, குறுக்காக மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 16.40 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் ஆணியை நகர்த்துங்கள், கோட்டை வளைக்காதீர்கள். நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும், அளப்பதற்கு டேப்தான். நீற்றிய சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வியர்வையில் கரைந்து தோலைப் புண்ணாக்கிவிடும், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். கோலமாவு போதும். ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் ஈரமாக இருக்கும்போது அதுவும் கரைந்து போகும். அப்போது ஆணியைப் பிடுங்காமல் தலை மண்ணுக்குள் புதையும்படி விட்டுவைத்தால் மறுநாள் கால் மணி நேரத்தில் கோட்டைப் புதுப்பித்துவிடலாம்.

முதல் சீசனில் ராபின்சன் டீம் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த வருஷம், 1942-ல், 9 மேட்ச், 9 வெற்றி. எதிரணி ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை. ஒரே வருஷத்தில் இப்படி மாறினால் எல்லாரும் ஏதாவது ரகசியம் இருக்கும் என்று தேடுவார்கள். ரகசியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் வைத்திருந்தது கொஞ்சம் நகர்வுகள்தான். சரியாக வரும்வரை அதே நகர்வைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவார். நம் பக்கம் ஒரு பயிற்சிக்கு எட்டு வகைப் பிடி காட்டிவிட்டு, மேட்சில் கணுக்காலைப் பிடிக்கும் ஆங்கிள் ஹோல்டு வழுக்குகிறதே என்று கத்துகிறோம். இடது ஓரத்தில் நிற்கும் கார்னருக்கு ஒரு பிடி, அதற்கு உதவியாக வலது கவர் ஆட்டக்காரன் வந்து சேரும் நேரம். ஒரு வாரத்துக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் உலகப் போர் காரணமாக 1943, 44-ல் கல்லூரி டீம் ஆடவில்லை. அந்த இடைவெளியில் ஊர் உயர்நிலைப் பள்ளி டீமுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த ஆரம்ப காலத்துச் சம்பவம் ஒன்று. பருத்தி பறிக்கும் பருவம், பிள்ளைகளை மேட்சுக்கு அனுப்ப முடியாது என்று டீம் பையன்களின் அப்பா ஒருவர் சொல்லிவிட்டார். ராபின்சன் வாதாடவில்லை. மொத்த டீமையும் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பருத்தியைப் பறித்து முடித்துவிட்டுப் பையன்களைக் கூட்டிவந்தார்.

இதை அப்படியே இங்கே செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பதற்குப் பள்ளிப் பையன்களை இறக்கினால் சட்டமே தடுக்கும். எடுத்துக்கொள்ள வேண்டியது, பையன் ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே போய்ப் பார்த்த புத்தியை. மலையில் பழம் பறிப்பு கார்த்திகையிலிருந்து தை வரை, ஆத்தூர் பக்கம் மரவள்ளி அறுவடை, எடப்பாடி, ஜலகண்டாபுரம் பக்கம் தறி. பையன் மட்டம் போடவில்லை, வீட்டில் கை தேவைப்படுகிறது. பயிற்சி அட்டவணையை இந்தப் பருவங்களைப் பார்த்துப் போட்டாலே பாதிப் பேர் நிற்பது நின்றுவிடும்.

அடுத்தது கட்டு. ராபின்சன் தன் கையாலேயே போட்டது, நம்மில் பலர் மூவ் தடவி முடித்துவிடுவது. ஒன்றரை அங்குல ஜிங்க் ஆக்சைடு டேப் வேண்டும். பாதத்தை 90 டிகிரியில் நிறுத்தச் சொல்லுங்கள். தொங்கவிட்ட காலில் கட்டினால் எழுந்து நின்றதும் கட்டு தளர்ந்துவிடும். கணுக்கால் முட்டிக்கு நாலு விரற்கடைக்கு மேல் ஒரு சுற்று. அங்கிருந்து உள்பக்கமாக இறக்கிக் குதிகாலுக்கு அடியில் கொடுத்து வெளிப்பக்கம் மேலே இழுக்க வேண்டும். பாதம் உள்நோக்கி மடங்குவதுதான் வழக்கமான சுளுக்கு என்பதால் இழுவை இந்தத் திசையில்தான் இருக்க வேண்டும். இப்படி மூன்று பட்டை, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறியபடி. பிறகு எட்டுப் போல ஒரு சுற்று, குதிகாலைப் பூட்டுவதற்கு இருபுறமும் ஒவ்வொன்று. சுருக்கம் விழுந்தால் அங்கே கொப்புளம். முடித்ததும் பெருவிரல் நகத்தை அமுக்கி விடுங்கள். இரண்டு நொடியில் ரத்தம் திரும்பாவிட்டால் அவிழ்த்துவிட வேண்டும். வெறுங்காலோடு மண்ணில் ஆடினால் முதல் பாதியிலேயே குதிகால் பக்கம் கிழியும், இடைவேளைக்கு ஒரு பட்டை கையில் இருக்கட்டும். வீங்கிய காலுக்குக் கட்டுப் போட்டு இறக்குவது வைத்தியமல்ல, வீம்பு.

சாப்பாடும் அதே மாதிரிதான். காலை 5 மணிக்குக் கட்டிய தயிர் சாதம் சேலம் காந்தி ஸ்டேடியத்து வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். குறுவட்டப் போட்டிக்குப் புளி சாதம், 12 பேருக்கு ஒன்றரை கிலோ அரிசி, மேட்சுக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டாக வேண்டும்.

விடிகாலையில் மணியை ஆட்டிக்கொண்டு ஹாஸ்டல் வராந்தாவில் நடப்பார் ராபின்சன். பையன்கள் வகுப்புக்குப் போக வேண்டும். அந்த ஹாஸ்டல் வழியாக வந்தவர்களில் 200-க்கும் மேற்பட்டோர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். 1949-ல் டேங்க் யங்கர், கறுப்பினக் கல்லூரியிலிருந்து என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகுக்குப் போன முதல் ஆள். 1963-ல் பக் புக்கானன், அதற்குப் போட்டியாக இருந்த ஏ.எஃப்.எல். லீக் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் இடம். கறுப்பின வீரருக்கு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடம் கொடுக்கத் தயங்கிய காலத்தில் ஜேம்ஸ் ஹாரிஸை அந்த இடத்துக்கே தயார் செய்து அனுப்பினார், 1969-ல் பஃபலோ அணிக்குச் சீசனின் முதல் மேட்சிலேயே ஆடினார் ஹாரிஸ். 1988 ஜனவரியில் டக் வில்லியம்ஸ் என்.எஃப்.எல். இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் வாஷிங்டன் அணிக்காக இரண்டாவது கால் பகுதியில் மட்டும், பந்தை எதிரணியின் கோல் பகுதிக்குள் சேர்க்கும் டச்டவுன் பாஸ் 4 போட்டு, 42-10 என்று முடித்து, ஆட்டநாயகனானார். இந்த வரிசை எனக்கு 408 என்ற எண்ணைவிடப் பெரிதாகப் படுகிறது.

அந்த எண்ணையும் சொல்லிவிடுகிறேன். 1985 அக்டோபர் 5, டல்லாஸில் பிரெய்ரி வியூவை 27-7 என்று வென்றது 324-வது வெற்றி, அலபாமா கோச் பேர் பிரையன்ட் வைத்திருந்த 323 தாண்டியது. 1995-ல் 400. 1997-ல் விலகியபோது 408 வெற்றி, 165 தோல்வி, 15 டிரா.

விலகியது தாமதம் என்பதுதான் என் கருத்து. கடைசி 3 சீசனிலும் தோல்விதான் அதிகம். 1996-லேயே போகச் சொல்லி நெருக்கினார்கள், ஆதரவாளர்கள் கொதித்ததால் இன்னொரு வருஷம் கிடைத்தது. ஆனால் 1998-ல் பொறுப்பேற்றது வெளியாள் அல்ல, அதே டக் வில்லியம்ஸ். 2007 ஏப்ரலில் ராபின்சன் காலமானார்.

நமக்கு அரை நூற்றாண்டெல்லாம் கிடைக்காது. மாறுதல் கலந்தாய்வில் பெயர் வந்தால் அடுத்த வாரமே வேறு ஊர். டீமை எடுத்து நடத்தப் பழைய மாணவன் ஒருவன் தயாராக இல்லாவிட்டால் புது சார் வரும்வரை ஆடுகளத்தில் புல் முளைக்கும். ஒரு 100 பக்க நோட்டில் ஒவ்வொரு பையனின் பிறந்த தேதி, எடை, ஆடும் இடம், எந்தக் கால் சுளுக்கியது, எந்த மாதம் வரமாட்டான், அப்பா போன் நம்பர். பின் அட்டையில் நாலு ஆணியும் எந்த மரத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற கணக்கு. நோட்டு பழைய மாணவன் கையில் இருக்கட்டும், ஜெராக்ஸ் தலைமையாசிரியர் அறையில்.