மா, மௌ, தௌ

இரண்டு ஆண்டு ஊழியத்தில் நான் தனியாக இருந்தது குளியலறையில் மட்டுந்தான். எங்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை. பொதுவழக்கில் எங்களை மார்மன்கள் என்பார்கள், தென் பசிபிக் தீவு நாடான டோங்காவின் மக்கள் மாமொங்கா என்பார்கள். மிஷனரிகள் எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும், ஒருவர் மற்றவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு விதி. அந்த விதியை விமானம் ஏறுவதற்கு முன்பே அறிந்திருந்தேன். ஆனால் அதற்கென்று ஒரு மொழியில் தனியாக ஒரு சொல்லே இருக்கும் என்பது டோங்காவுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. எங்கள் சபையில் ஊழியம் செய்யும் இளைஞர்களுக்கு ஊதியம் கிடையாது; தாமும் குடும்பமும் சேமித்த பணத்தில், சபை அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டும். பத்தொன்பதாம் வயதில் எனக்கு வந்த கடிதத்தில் டோங்கா என்றிருந்தது. 2015-ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஹாஅபாய் தீவுக்கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே 60 தீவுகள் வரை இருந்தாலும் மக்கள் வாழ்பவை 17 மட்டுமே. லிஃபுகா தீவின் பங்காய் ஊரிலிருந்து கடலின் நடுவே போட்ட சாலை வழியாக ஃபோவாத் தீவைக் கடந்து, அதன் வடமுனையிலிருந்து சிறுபடகில் ஏறினால் ஹாஅனோ. அங்கேதான் ஊழியத்தின் பெரும்பகுதியைக் கழித்தேன்.

காலை ஆறரைக்கு எழுந்து, ஜெபித்து, வேதம் படித்து, மொழி படித்து, பத்து மணியளவில் வெளியே கிளம்பி, இரவு ஒன்பது மணிக்குத் திரும்பி, மறுநாளுக்குத் திட்டம் எழுதிப் பத்தரைக்கு விளக்கணைப்பது அன்று உலகெங்கும் எங்கள் மிஷனரிகளின் ஒழுங்காக இருந்தது. உடை மட்டும் அந்நாட்டுக்கு உரியது. வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டை, இடுப்பில் துப்பெனு என்னும் வேட்டி, அதன்மேல் தாழை ஓலையில் முடைந்த தாஓவாலா என்னும் பாய், அதைக் கட்டத் தென்னைநாரில் பின்னிய கயிறு. பாய் இல்லாமல் ஆலயத்துக்குப் போவது அங்கே பெரியவர்களை அவமதிப்பதற்குச் சமம். ஆறில்லாத பவளத்தீவாகையால் மழைத்தண்ணீரைச் சிமெண்ட் தொட்டியில் சேர்த்து, திங்கட்கிழமைகளில் அளந்து அளந்து துணி துவைத்தோம். கடல் அனுமதித்தால் அதே நாளில் பங்காய்க்குப் போய் வீட்டுக்கு மின்னஞ்சல் அனுப்புவோம். அம்மாவின் குரலை ஆண்டுக்கு இருமுறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே கேட்க முடிந்தது. வாரந்தோறும் பேசும் அனுமதி 2019-இல்தான் வந்தது. மிஷனரிகள் நீந்தக் கூடாது என்பதும் விதி. நாலு பக்கமும் அவ்வளவு தெளிந்த நீலக் கடலை வைத்துக்கொண்டு, கணுக்கால் நனைய நின்று பார்த்ததோடு சரி.

டோங்கா மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. அதற்கும் மேலாக, இருவருக்கு ஒரு சொல், பலருக்கு ஒரு சொல். கேட்பவரை நீக்கி ‘நாங்கள் இருவர்’ என்றால் மா. கேட்பவரும் நானுமாக ‘நாம் இருவர்’ என்றால் தா. பலராகிய நாங்கள் என்றால் மௌ. பலராகிய நாம் என்றால் தௌ. ஒவ்வொரு வாசலிலும் நாங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தில் ‘மா’ இருக்கும். குழந்தைகள் எங்களைக் கண்டதும் ‘ஓங்கோ ஃபைஃபெகௌ’ என்று கூவுவார்கள். இரு ஊழியர்கள் என்று பொருள். அவர்கள் வாயில் நாங்கள் ஒருபோதும் ஒருவராகவோ பலராகவோ இருந்ததில்லை.

ஊழியத்தில் எனக்குத் துணைவராக இருந்தவர் தலைநகரிலிருந்து வந்த டோங்கா இளைஞர். பாய் முடைந்துகொண்டிருந்த ஒரு முதிய பெண்மணியின் வீட்டில் ஒருநாள் என்னை ஜெபம்செய்யச் சொன்னார். நானும் ஜெபித்தேன். ஆமென் சொன்ன பிறகு அந்த அம்மையார் ஓலையிலிருந்து கையை எடுக்காமலே, மிகுந்த கனிவோடு, “மகனே, ஆண்டவர் என்ன பாவம் செய்தார்?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. ‘எங்கள் பாவங்களை மன்னியும்’ என்பதற்கு ‘எமௌ’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ‘எதௌ’ என்று சொல்லி, கேட்டுக்கொண்டிருக்கும் கடவுளையும் பாவிகளின் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன்.

அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. என் பாட்டி ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று ஜெபித்த குரலைக் கேட்டே வளர்ந்தவன் நான். ‘நம் பிதாவே’ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. தமிழில் தவறாத நான் டோங்கா மொழியில் தவறியதற்குக் காரணம், ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் எண்ணி அங்கிருந்து மாற்றிக்கொண்டிருந்ததுதான். மறுநாள் முதல் தமிழில் எண்ணத் தொடங்கினேன். அந்தத் தவறு நின்றுவிட்டது. இரு மொழிகளுக்கும் உறவேதும் இல்லை. ‘எமௌ’ என்பதும் நம் ‘எம்’ என்பதும் ஒலிப்பதில் நெருங்கியிருப்பது தற்செயல். ஆயினும் அதற்குப் பிறகு அந்தத் தீவு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, மரவள்ளிக்கிழங்கையும் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையையும் கையால் உண்ணும்போது, இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்ததுதானே என்ற எண்ணம் வரும்.

நான்காம் மாதத்தில் என் துணைவருக்கும் எனக்கும் மனத்தாங்கல் வந்தது. ஒரு வீட்டில் அனைவர் முன்னிலையிலும் என் உச்சரிப்பைத் திருத்தினார். நான் முகம் சுளித்தேன். வெளியே வந்ததும் சுடுசொல் சொன்னேன். குற்றம் என்னுடையது. ஐந்து நாள் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. சினம்கொண்ட இருவர் விலகிச் செல்லலாம். எங்களுக்கு அந்த வழியும் இல்லை. ஒரே அறையில் உறங்கி, ஒரே பாதையில் நடந்து, வாசலுக்கு வாசல் “மா வந்திருக்கிறோம்” என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை வாய் சொல்லும்போதெல்லாம் பொய் சொல்வதாக நெஞ்சு உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை காலை, பாயைத் தனியாகக் கட்ட முடியாமல் நான் தடுமாறியபோது, அவர் பின்னால் வந்து நின்று கயிற்றை வாங்கிச் சுற்றி இறுக்கி முடிபோட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் டையையும் நேராக்கிவிட்டு, “போகலாம், நேரமாகிறது” என்றார்.

ஞாயிறு அங்கே முழு ஓய்வு. 1875-ஆம் ஆண்டு அரசியலமைப்பே ஓய்வுநாளை என்றென்றைக்கும் புனிதமென்று வகுத்திருக்கிறது. கடை திறக்காது, தோட்டத்தில் எவரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். மெத்தடிஸ்ட் போதகர்கள் 1820-களிலேயே வந்த நாடு அது. எங்கள் சபையினர் வந்தது 1891-இல். நாங்கள் தட்டிய கதவுகளெல்லாம் ஏற்கெனவே ஜெபிக்கும் வீடுகளின் கதவுகள். மேலும், சில நூறு பேர் வாழும் தீவில் ஒரு மாதத்துக்குள் கதவுகள் தீர்ந்துவிடும். ஆக்லாந்தில் மிஷனரிகள் நாளும் புதிய தெருவைத் தேடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஹாஅனோவில் அதே மனிதர்கள் ஒவ்வொரு நாளும் எங்களைப் பார்த்தார்கள். நேற்றுப் பேசியதை இன்று செய்கிறோமா என்றும் பார்த்தார்கள். ஆகவே பேச்சைவிட வேலையே அதிகமானது. 2014 ஜனவரி 11-ஆம் நாள் வீசிய இயன் புயல் ஹாஅபாயின் வீடுகளை வாரிக்கொண்டு போயிருந்தது. நாங்கள் இருந்த காலத்திலும் கூரை வேய்வது முடியவில்லை. பலகை சுமந்தோம், களை பறித்தோம், வள்ளிக்கிழங்கு தோண்டினோம். ஊழியத்தின் உள்ளீடு அதுவே என்று இன்றும் நம்புகிறேன். வேதம் பேசிய நேரத்தை நான் குறைவாக மதிப்பதாக இதற்குப் பொருளில்லை.

புயலில் வீட்டை இழந்த ஒருவர் எங்களுக்கு அடுத்த மனையில் இருந்தார். வேறு சபையைச் சேர்ந்தவர். எங்கள் பாடங்களைக் கேட்க விருப்பமில்லை என்று முதல் வாரமே மரியாதையோடு சொல்லிவிட்டார். அவருடைய தோட்டத்துக்கு வாரம் ஒருமுறை போய்வந்தோம். போகும்போதெல்லாம், “நாங்கள் இருவரும் உதவட்டுமா?” என்று வேலியருகே நின்று ‘மா’ போட்டுக் கேட்பேன், அவர் தலையசைப்பார்.

நான் ஊர் திரும்புவதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு காலை, நாங்கள் கேட்கும் முன்பே அவர் வெட்டுக்கத்தியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் அவருடைய இரு மகன்கள். “தௌ ஓ” என்றார். நாம் எல்லாரும் போவோம் என்று பொருள். கடைசிவரை அவர் எங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. என் துணைவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்தச் சொல் கேட்டிருந்தது. நாங்கள் கத்திகளை எடுத்துக்கொண்டு அவர்களோடு நடந்தோம்.