முதல் திருடனை ஏன் யாரும் தேடவில்லை?

வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' 1868ல் வந்த நாவல், சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் ஜனவரியில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை தொடர்கதையாக ஓடியது. புத்தகம் தடிமன், இங்கிலீஷ் பழசு, பெரிய துப்பறியும் போலீஸ்காரர் நிதானமாகத்தான் வந்து சேர்கிறார். ஆனாலும் படியுங்கள் என்பேன். திருடன் யாரென்று இங்கே சொல்லப் போவதில்லை.

கதை ஆரம்பிப்பது ஸ்ரீரங்கப்பட்டணத்தில். 1799ல் திப்புவின் கோட்டை விழுந்த அன்று ஹெர்ன்காஸ்டில் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒருவன், ஆட்களைக் கொன்று ஒரு மஞ்சள் வைரத்தை அமுக்கிக்கொள்கிறான். ஒரு காலத்தில் சோமநாதபுரத்துச் சந்திரன் சிலையில் இருந்த கல் அது. ஐம்பது வருஷம் கழித்து இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ரேச்சல் என்ற பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்து, அன்று ராத்திரியே காணாமல் போகிறது. அதற்கப்புறம் ஊரே பதறுகிறது.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் என் கூட்டாளியிடம் இதுவரை சொன்னதுமே அவன் கேட்டான்: "இன்னா மச்சான், மொதல்ல ஆட்டைய போட்டவன எவனும் தேடலியா?" சரியான கேள்வி. நம் வீட்டிலிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டை எவ்வளவு தூரம்? அங்கே மியூசியத்தில் நிற்கும் வெள்ளைக்கார கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தில், 1792ல் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாக ஒப்படைத்த காட்சியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், போனால் பாருங்கள். அந்தச் சண்டைகளின் கொள்ளையைத்தான் காலின்ஸ் கதையின் முதல் குற்றமாக வைக்கிறார், அதுவும் 1857 சிப்பாய்க் கலகம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள். வைரத்தைத் தேடிக் கடல் கடந்து வரும் மூன்று பிராமணர்களை அவர் வெறும் வில்லன்களாக விட்டுவிடவில்லை.

துப்பு விஷயத்தில் எனக்குப் பிடித்தது கதவுப் பெயிண்ட். ரேச்சலின் அறைக் கதவில் புதுசாக அடித்த பெயிண்டில் ஓர் இடம் கலைந்திருக்கிறது. காலை 11 மணிக்குக் கும்பலாக வந்த வேலைக்காரப் பெண்களின் பாவாடை பட்டிருக்கும் என்று உள்ளூர் போலீஸ் அதிகாரி தள்ளிவிடுகிறார். லண்டனிலிருந்து வந்த சார்ஜென்ட் கஃப் கணக்குப் போடுகிறார்: முந்தின நாள் மதியம் 3 மணிக்கு அடித்து முடித்தது, காய 12 மணி நேரம், அப்படியென்றால் விடியற்காலை 3 மணிக்கே காய்ந்தாயிற்று, 11 மணிக்கு எந்தப் பாவாடையில் ஒட்டும்? ஆகவே பெயிண்ட் கறை பட்ட ஒரு துணி அந்த வீட்டில் எங்கேயோ இருக்கிறது. மனுஷனுக்கு ரோஜாச் செடிப் பைத்தியம் வேறு.

ஆனால் புத்தகத்தைத் தூக்கி நிறுத்துவது கதை சொல்பவர்கள்தான். எங்கள் தெருவில் ஒரு பைக் காணாமல் போனால், பார்த்த ஒவ்வொருவரும் தன் பெருமையையும் சேர்த்துத்தானே சொல்வார்கள், அந்த மாதிரி ஆளுக்கொரு பகுதி. எதற்கெடுத்தாலும் 'ராபின்சன் குருசோ'வைப் பிரித்துக் குறி பார்க்கும் கிழட்டு வேலைக்காரர் பெட்டரெட்ஜ் ஒருவர். போகிற வீட்டிலெல்லாம் பக்திப் பிரசுரங்களை ஒளித்து வைத்துவிட்டு வரும் மிஸ் கிளாக் இன்னொருத்தி, தான் எவ்வளவு புண்ணியவதி என்று அவள் சொல்லச் சொல்லவே குட்டு வெளிப்படும்.

குறை இல்லாமல் இல்லை. கடைசிப் பகுதியில் அபினை வைத்து ஒரு பரிசோதனை வருகிறது, காலின்ஸே கீல்வாத வலிக்கு அபின் மருந்து குடித்தவர் என்பதால் மனசார எழுதியிருக்கிறார், ஆனால் நான் முழுசாக நம்பவில்லை. காப்புரிமை முடிந்த நூல், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெட்டரெட்ஜ் வளவளவென்று பேசும் ஆரம்பத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், கஃப் வந்துவிட்டால் அப்புறம் கீழே வைக்க மாட்டீர்கள்.