ஐந்து சொப்பிங் பை மருந்து

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், விசுவமடுவுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக, ஒரு சின்னத் தனியார் டிஸ்பென்சரியில் நான் மருந்து கொடுக்கிறேன். 11 வருடமாகிறது. வாங்குகள் போட்ட விறாந்தை, டொக்டர் பார்க்கும் அறை, நான் நிற்கும் மருந்தறை, பின்வளவில் ஒரு கிணறும் ஒரு குப்பைக் கிடங்கும், அவ்வளவுதான் இடம். அந்தக் கிடங்கிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

2018 டிசெம்பர் வெள்ளம் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்ட அந்த நாட்கள். எங்கள் பக்கம் குளத்துத் தண்ணீர் வரவில்லை, ஆனால் மழை வெள்ளம் முழங்காலளவுக்கு நின்றது. நாங்கள் கிடங்கில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவந்த சிரிஞ்சுகள் பாதி எரிந்தும் எரியாமலும் மிதந்து பக்கத்து வளவுக்குள் போய்விட்டன. அங்கே இருக்கும் அம்மா ஈர்க்குக் கட்டால் அவற்றை ஒதுக்கிக் கூட்டிவைத்துவிட்டு வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, இதுகள் உங்கடதானே?" என்று கேட்டார். கோபமே இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் வெறுங்காலோடு அந்தத் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அன்றோடு கிடங்கை மூடினோம். ஊசிகளுக்குத் துளைபடாத மஞ்சள் பெட்டி, அது முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, எரிஉலை இருக்கிற இடத்துக்குக் காசு கட்டி அனுப்புவது என்று ஏற்பாடாயிற்று. திறந்த வெளியில் பிளாஸ்டிக்கை எரித்தால் தேவையான சூடு வராது, டயொக்சின் போன்ற நச்சுத்தான் வரும், முறையான எரிஉலைக்கு 850 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும் என்று டொக்டர் சொன்னார். கிடங்கில் எரித்தபோது வந்த அந்தப் புகையை நான் 4 வருடம் சுவாசித்திருக்கிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும்தான். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மருத்துவக் கழிவில் 15 சதவீதம் அளவுதான் ஆபத்தானது, மிச்சம் வீட்டுக் குப்பை மாதிரிச் சாதாரணக் குப்பை. நாங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி எல்லாவற்றையுமே ஆபத்தானதாக ஆக்கிக்கொண்டிருந்தோம். கையுறையும் அப்படித்தான். இரத்தம் படாத சாதாரண ஊசி ஒன்றுக்குக் கையைக் கழுவினால் போதும். அப்புறம் குளிசை போட்டுக் கொடுத்த பொலித்தீன் பைகளை விட்டுப் பழையபடி கடதாசி உறைக்கு மாறினோம். இவையெல்லாம் செய்ய வேண்டியவைதான், ஆனால் சுலபமானவை.

2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது வேறொரு பாடம் கிடைத்தது. முட்டோடு, அதாவது மூச்சிழுப்போடு, வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் மிசினில் மருந்தைப் புகையாக்கி மூச்சோடு இழுக்க வைப்போம். கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லை. டொக்டர் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் ஓட்டை போட்டு, முட்டுக்கு வாயில் அடிக்கும் மருந்துப் பம்பின் (இன்ஹேலர்) வாயை அதில் பொருத்தி, போத்தலின் வாயைப் பிள்ளையின் வாயில் வைத்து மருந்தை இழுக்க வைத்தார். கடும் முட்டு இல்லையென்றால் மிசின் செய்கிற வேலையை இது செய்துவிடும் என்று மருத்துவத்தில் ஏற்கெனவே உறுதியான விசயமாம். தாய்மார் முதலில் நம்பவில்லை, மிசின் சத்தம் கேட்டால்தான் மருந்து போகிறதென்று அவர்களுக்குத் திருப்தி. பிள்ளையின் நெஞ்சு இறங்கியதைப் பார்த்த பிறகு நம்பினார்கள்.

ஆனால் அந்தப் பம்புக்குள்ளேயே ஒரு பிரச்சினை இருக்கிறது. மருந்தைத் தள்ளிவிட அதற்குள் அடைத்திருக்கும் வாயு, காபனீரொட்சைட்டை விட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கக் கூடியது. சில வகைப் பம்புகளில் ஒன்று முடியும்போது 20 கிலோ காபனீரொட்சைட்டுக்கும் மேற்பட்ட கேடு காற்றில் கலந்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளில் 9 லீற்றர் பெற்றோல் எரிப்பது போல. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்குப் பங்கிட்டுக் கொடுத்த காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் தந்தார்கள், அப்படியானால் இரண்டு வாரப் பங்குக்கும் மேல், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பம்பில்! எனக்கு இதை நம்பவே கொஞ்ச நாள் எடுத்தது. வளர்ந்தவர்களுக்குத் தூள் மருந்து இருக்கிறது, கூட்டுக் குளிசையை (கப்சூல்) ஒரு சின்னக் கருவிக்குள் போட்டு மூச்சால் இழுப்பது, அதில் அந்த வாயு இல்லை. இழுக்கக் கூடியவர்களை டொக்டர் அதற்கு மாற்றினார். சின்னப் பிள்ளைகளையும் மூச்சுப் பலமில்லாத வயோதிபர்களையும் மாற்றவில்லை, மாற்றவும் கூடாது. முதலில் மூச்சு, பிறகுதான் மற்றதெல்லாம். இந்த ஒழுங்கு பிழைத்தால் நாங்கள் செய்வதற்குப் பெயர் வைத்தியம் இல்லை.

சரி, ஐந்து பைகளின் கதைக்கு வருகிறேன்.

சீனி வருத்தமுள்ள ஒரு ஐயா. விடியற்காலையில் வியர்த்து நடுங்குது, தலை சுத்துது என்று வருவார். தலைச்சுற்றுக்கு நாங்கள் ஒரு குளிசை கொடுத்தோம். அது வயிற்றைப் பிரட்டுது என்றார், அதற்கொரு குளிசை. மூன்றாம் முறை வந்தபோது டொக்டர் அவருடைய மகளிடம், வீட்டில் இருக்கிற மருந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு வரச் சொன்னார். மகள் ஐந்து சொப்பிங் பை கொண்டுவந்தா. மேசையில் கொட்டிப் பார்த்தால், அரசாங்கக் கிளினிக்கில் மாதாமாதம் கொடுக்கிற, சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் என்ற குளிசை ஒரு பெயரில், நாங்கள் கொடுத்த அதே கிளிக்லசைட் வேறு கொம்பனியின் வேறு பெயரில். நிறமும் வேறு, அட்டையும் வேறு. ஐயா இரண்டையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். சீனி அடியோடு இறங்கித்தான் அந்த நடுக்கம். கிளினிக் கொப்பியைக் கொண்டுவாங்கோ என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது நான். கேட்கவில்லை.

மிச்சப் பைகளில் திகதி முடிந்த அன்ரிபயோட்டிக், பாதி முடிந்த பாணிகள், மூட்டு நோவுக்குப் போடும் குளிசை நாலு வகை, அதில் எதுவுமே சிறுநீரகத்துக்கு நல்லதில்லை. அன்றிரவு நான் கணக்குப் பார்த்தேன். இந்தக் குளிசைகளில் பெரும்பகுதி இந்தியாவில் ஏதோவொரு தொழிற்சாலையில் செய்து, கப்பலில் கொழும்புக்கு வந்து, லொறியில் ஏ9 வழியாக ஏறி, என் கையால் எண்ணி உறையில் போட்டுக் கொடுத்தவை. முடிவில் அவர் வளவில் குப்பையோடு எரியும், இல்லையென்றால் கிணற்றுக்குப் பக்கத்திலிருக்கிற மலசலகூடக் குழிக்குள் போகும். பின்வளவுக் கிடங்கை மூடிவிட்டு நிம்மதியாக இருந்தோம், பெரிய குப்பை முன்வாசலால் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஏன் இப்படிச் சேர்த்து வைக்கிறீங்கள் என்று ஐயாவிடம் கேட்டேன். "இல்லாமல் போனால் என்ன செய்யிறது பிள்ளை?" என்றார்.

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் மருந்து வருவதே அரிது. என் அம்மா பனடோல் அட்டையைப் பெட்டகத்தில் பூட்டிவைத்திருந்தவர், அயலில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அதிலிருந்து இரண்டு வெட்டிக் கொடுப்பார். போர் முடிந்த 2009இல் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பிறகு 2022இல் திரும்பவும் மருந்துத் தட்டுப்பாடு. இப்படிப்பட்ட சனத்திடம் போய், அளவுக்கு மேல் வாங்காதீர்கள், சூழல் கெடுகிறது என்று சுவரில் எழுதி ஒட்டினால் என்ன பிரயோசனம்? மருந்து அடுத்த மாதமும் கிடைக்கும் என்று அவர்கள் நம்பினால்தான் பை சிறிதாகும். அந்த நம்பிக்கையைக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

அதனால் ஒரு கொப்பி போட்டோம். நீண்ட நாள் மருந்து எடுப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், கிளினிக்கில் என்ன கொடுக்கிறார்கள், இங்கே என்ன, எப்போது முடியும் என்று. அவர்களுக்கு வேண்டியதை முதல் கிழமையே எடுத்து ஒதுக்கிவைப்பேன். "உங்கட மருந்து இங்க இருக்கு, முடிஞ்ச பிறகு வாங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். கிளினிக்கில் கிடைக்கும் மருந்தை நாங்கள் திரும்ப விற்பதில்லை. இதனால் வருமானம் குறைந்தது உண்மை, டொக்டர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் வீட்டு மருந்துப் பையோடு வர வேண்டும். மேசையில் கொட்டி, வேண்டாததை எடுத்து என் மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டியில் போடுவோம், அது ஊசிப் பெட்டியோடு சேர்ந்து எரிஉலைக்குப் போகும். ஐயாவுக்கு முன்பு 11 வகைக் குளிசை, இப்போது 5. நடுக்கம் இல்லை. ஒரு பையும் நிறையாமல் கொண்டுவருகிறார்.

தீராதது ஒன்று இருக்கிறது. குளிசை வரும் வெறும் அட்டைகள், அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டியவை, இவற்றை எடுக்க ஆளில்லை. பழைய இரும்பு வாங்க வருபவரும் வேண்டாம் என்கிறார். எரிக்க எனக்கு மனம் வரவில்லை. உரப்பைகளில் போட்டுக் கட்டி மருந்தறைக்குப் பின்னால் அடுக்கிவைத்திருக்கிறேன். மூன்று பை நிறைந்துவிட்டது, போன கிழமை நாலாவதைத் தொடங்கினேன். இதை எடுத்து ஏதாவது செய்யக் கூடியவர்கள் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருந்தால் சொல்லுங்கள், பஸ்ஸில் ஏற்றி நானே கொண்டுவந்து தருகிறேன்.